இலங்கையைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் புவியியல், வரலாறு பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்களின் கட்டுரைகளைப் பல காலமாகத் திருத்தி வருகிறேன். ஆட்கள் மாறினாலும் சறுக்கும் இடங்கள் மாறுவதில்லை. எழுத்துப் பிழையையும் ஆண்டுப் பிழையையும் விட்டுவிடுகிறேன். ஒரு புத்தகத்தைப் புரட்டினால் அவை சரியாகிவிடும்.

1505 இல் தீவே வீழ்ந்தது என்பது

1505 இல் போர்த்துக்கேயர் வந்தார்கள், அவ்வளவுதான். யாழ்ப்பாண அரசு அவர்கள் கைக்குப் போனது 1619 இல். மலைகளுக்குள் இருந்த கண்டியை அவர்களாலும் பிடித்து வைத்திருக்க முடியவில்லை, பின்னால் வந்த ஒல்லாந்தராலும் முடியவில்லை. அது ஆங்கிலேயரிடம் போனது 1815 இல்தான்.

மலையகத் தமிழரையும் வடக்கு கிழக்குத் தமிழரையும் ஒன்றாக எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். ‘1948 இல் இலங்கைத் தமிழர்கள் குடியுரிமையை இழந்தார்கள்’ என்று ஒரு இளைஞர் எழுதியது ஒரு மலரில் அப்படியே அச்சாகிவிட்டது. தோட்டத்தில் பிறந்து ஆசிரியராக ஓய்வு பெற்ற ஒரு அம்மா அந்த வரியில் விரலை வைத்துச் சொன்னார்: “எங்கம்மா இந்த நாட்டுலதான் பொறந்தாங்க, இங்கதான் செத்தாங்க. சாகுற வரைக்கும் எந்த நாட்டுப் பிரஜையும் இல்ல. அவங்கள இதுல எங்க தேடுறது?”

1948 இன் குடியுரிமைச் சட்டம் குறிவைத்தது யாழ்ப்பாணத்தாரையோ மட்டக்களப்பாரையோ அல்ல. பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்துவரும் அவர்களின் குடியுரிமை போகவில்லை. போனது, ஆங்கிலேயர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்.

ஏன் என்று புரிய வேண்டுமானால் பயிரைப் பார்க்க வேண்டும். முதலில் வந்தது கோப்பி. பழம் பறிக்கும் பருவத்துக்கு, ஆள் சேர்த்து அழைத்துவரும் கங்காணியோடு வருவார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டு மாத்தளைக்கு நடப்பார்கள். வழியிலேயே பலர் செத்தார்கள். பருவம் முடிந்தால் பெரும்பாலோர் ஊர் திரும்புவார்கள். 1869 இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை வந்தது. தேயிலையில் வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். வந்தவர்கள் குடும்பத்தோடு லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கிவிட்டார்கள், பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். ஆனால் சட்டம் அவர்களைக் கோப்பிக்காலத்து வந்துபோகிறவர்களாகவே பார்த்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்தவர், இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்து அறையில் பிறந்த பாட்டனுக்கு யார் பத்திரம் எழுதி வைத்தார்கள்?

1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. 1952 தேர்தலில் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. அப்புறம் 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரின் முடிவு பிறகு. அந்த மீதியை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்கு அதோடும் தீரவில்லை, குடியுரிமை இல்லாமல் எஞ்சியவர்களுக்காக 2003 இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

இத்தனையையும் ‘இலங்கைத் தமிழர்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டால் அந்த அம்மாவின் தாய் காணாமல் போய்விடுகிறார். எழுதும்போது எந்தத் தமிழர், எந்த மாவட்டம், எந்த ஆண்டு என்று மூன்றையும் சொல்லுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்துக்குக் கீழே யாழ்ப்பாணம் என்று போடாதீர்கள். அது சுண்ணாம்புக்கல் மண், வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, கிணற்றை நம்பிய பனையும் புகையிலையும் வெங்காயமுமான பூமி.

தீவு முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்பது

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கில் மழை கொட்டும்போது வடக்கும் கிழக்கும் காய்ந்து கிடக்கும். அவற்றுக்கு மழை ஒக்டோபருக்குப் பிறகுதான். பழைய தலைநகரங்களான அநுராதபுரமும் பொலன்னறுவையும் இருப்பது அந்த வறண்ட பக்கத்தில். அங்கே அரசர்கள் ஏன் அத்தனை பெரிய குளங்களைக் கட்டினார்கள் என்பதை இதைச் சொல்லாமல் விளக்க முடியாது.

மிக உயரமான மலை

பீதுருதாலகாலை, 2,524 மீட்டர். சிவனொளிபாதமலை அல்ல.