எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் இருக்கிற கார்ல பின் பிரேக் பேட் நீங்களே மாத்துறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

கிரெட்டா, செல்டோஸ், எக்ஸ்யூவி700 இந்த மாதிரி வண்டில மேல் வேரியன்ட் எடுத்தா இழுக்கிற ஹேண்ட்பிரேக் லிவரே இருக்காது, ஒரு சின்ன சுவிட்ச் தான். பழைய வண்டில பின் பேட் தானே மாத்திப் பழகினவங்க நிறைய பேர் இருக்காங்க, அதே பழக்கத்துல இதுலயும் நேரா ஸ்பேனரை எடுத்துடறாங்க, அங்க தான் காலிப்பர் (பேடைப் பிடிச்சு டிஸ்க்ல அழுத்துற பாகம்) போயிடுது. மோட்டாரோட வர்ற காலிப்பர் விலைக்கு எத்தனையோ செட் பேட் வாங்கிடலாம். அதனால வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சிக்கோங்க, மத்ததெல்லாம் தானா விளங்கிடும்.

2001ல பிஎம்டபிள்யூ 7 சீரிஸ்ல இந்த சிஸ்டம் வந்தப்போ மோட்டார் தனியா உட்கார்ந்து கேபிளை இழுக்கும். இப்ப வர்ற பெரும்பாலான வண்டில மோட்டார் காலிப்பரோட முதுகுலயே இருக்கு. மோட்டார் சுத்தினா சின்ன கியர் வழியா ஒரு மரையாணி சுத்தும், அதுல ஓடுற நட்டு பிஸ்டனுக்குள்ள இருந்து பிஸ்டனை முன்னாடி தள்ளி பேடை டிஸ்க்ல அழுத்தும். ஹேண்ட்பிரேக்கை ரிலீஸ் பண்ணும்போது அந்த நட்டு கொஞ்சூண்டு தான் பின்னாடி போகும், முழுசா போகாது. பேட் தேயத் தேய பிஸ்டனும் முன்னாடி வந்துடும், நட்டும் அது பின்னாடியே வந்து நிக்கும். இப்ப தடியான புது பேட் நுழையணும்னா நட்டு கடைசி வரைக்கும் பின்வாங்கணும், அதை மோட்டார் தான் செய்யணும், ஏன்னா அந்த மரை வெளில இருந்து எவ்வளவு அழுத்தினாலும் திரும்பிச் சுத்தாது.

அதனால தான் சர்வீஸ் மோடு (மோட்டாரே நட்டை முழுசா பின்வாங்க வைக்கிற செட்டிங்) போடாம சி கிளாம்ப் (திருகி நெருக்கிற இடுக்கி) வச்சு பிஸ்டனை நெருக்கிறது இருக்கிறதுலயே பெரிய தப்பு. அழுத்துற விசை முழுக்க அந்த நட்டு மேலயும் மோட்டார் கியர் மேலயும் தான் போய் விழும். சர்வீஸ் மோடு சரியா போயிருந்தா ரெண்டு பின் சக்கரத்துல இருந்தும் மோட்டார் ஓடுற சத்தம் கேட்டு நிக்கும், அப்புறம் கிளாம்பை மெதுவா திருகினா பிஸ்டன் ஒரே சீரா உள்ள இறங்கும். இறங்காம கல்லு மாதிரி நின்னா அங்கயே கையை எடுங்க, இன்னும் ஒரு திருகுன்னு போகாதீங்க, ஸ்கேனரை (வண்டியோட கம்ப்யூட்டரோட பேசுற கருவி) மாட்டி மறுபடி பாருங்க.

இன்னொண்ணு, கேபிள் ஹேண்ட்பிரேக் வண்டிகள்ல பெரும்பாலும் பின் பிஸ்டனை சுத்திச் சுத்தி உள்ள விடணும், அதுக்குன்னே டூல் விக்கிறாங்க. காலிப்பர்லயே மோட்டார் இருக்கிற வண்டில பெரும்பாலும் நேரா தள்றது தான். தேவையில்லாம சுத்தினா பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரப்பர் பூட் முறுக்கிக்கிட்டு கிழியும், தண்ணியும் மண்ணும் உள்ள போய் அந்த பிஸ்டன் துருப்பிடிச்சு மாட்டிக்கும். உங்க வண்டிக்கு எதுன்னு வொர்க்‌ஷாப் மேனுவல்ல பாத்துக்கோங்க.

சர்வீஸ் மோடு எப்படி போடறதுன்னா, நிறைய வண்டிக்கு ஓபிடி ஸ்கேனர் வேணும், அதுவும் பார்க்கிங் பிரேக் சர்வீஸ் வசதி இருக்கிற ஸ்கேனர், வெறும் எரர் கோட் மட்டும் படிக்கிற சின்ன புளூடூத் பொருள் இதுக்கு ஆகாது. சில வண்டில இக்னிஷன், பெடல், சுவிட்ச் மூணையும் ஒரு வரிசையா அழுத்தினாலே போயிடும். ஆனா ஒரு கம்பெனி வண்டிக்குப் போட்ட வீடியோவைப் பாத்து இன்னொரு கம்பெனி வண்டில அதையே அழுத்திக்கிட்டு இருக்காதீங்க, ஒரே கம்பெனியிலயே வருஷத்துக்கு வருஷம் மாறும். ஸ்கேனர் இல்லைன்னு மோட்டார் கனெக்டரை கழட்டி 12 வோல்ட் பேட்டரியில நேரா வயர் வச்சு ஓட்டுறவங்களும் இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். வழக்கமா மாட்யூல் (ஹேண்ட்பிரேக்கை இயக்குற கம்ப்யூட்டர்) தான் மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பாத்து எங்க நிறுத்தணும்னு முடிவு பண்ணும், நேரா கரண்ட் குடுத்தா நிறுத்த ஆளே கிடையாது, நட்டு கடைசில போய் மோதி இறுகிடும். நட்டு எங்க நிக்குதுன்னு மாட்யூலுக்கும் தெரியாது.

பேட்டரி வீக்கா இருந்தா அன்னைக்கு இந்த வேலையே வேண்டாம். பாதி வழியில வோல்டேஜ் விழுந்தா மோட்டாரும் பாதில நிக்கும், டேஷ்போர்டுல எல்லா லைட்டும் எரியும். ஒரு சார்ஜரை மாட்டி வச்சுட்டு பண்றது நல்லது.

இப்ப உயிர் விஷயம். சர்வீஸ் மோடு போட்ட நிமிஷத்துல இருந்து உங்க வண்டிக்கு ஹேண்ட்பிரேக்கே கிடையாது. முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னயும் பின்னயும் கட்டை வைங்க, சமதளமான தரையில நிறுத்துங்க, ஜாக்கியை மட்டும் நம்பி கையோ காலோ உள்ள விடாதீங்க, ரெண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்டு போடணும். சரிவான போர்டிகோவுல இந்த வேலை வேண்டவே வேண்டாம். வீட்ல இருக்கிறவங்ககிட்டயும் சொல்லி வைங்க, காலிப்பர் கழட்டி இருக்கும்போது யாராவது உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சாலோ அந்த சுவிட்சைத் தொட்டாலோ பிஸ்டன் வெளிய வந்துடும். சில ஹைப்ரிட் வண்டில கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் ஓட ஆரம்பிச்சிடும், அதனால சாவியை உங்க பாக்கெட்லயும் வச்சுக்காம வண்டிய விட்டு தள்ளி வச்சுடுங்க.

கழட்டின காலிப்பரை பிரேக் ஹோஸ்ல தொங்க விடாதீங்க, இதுல மோட்டார் வெயிட்டும் சேர்ந்திருக்கு, கூடவே வயரும் இழுபடும். கட்டுக்கம்பி ஒரு முழம் எடுத்து சஸ்பென்ஷன் ஸ்பிரிங்ல கட்டிடுங்க. பழைய பேடை தூக்கிப் போடாம உள் பேட், வெளி பேட் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒண்ணு நிறைய தேஞ்சு இன்னொண்ணு அப்படியே இருந்தா ஸ்லைடு பின்னோ (காலிப்பர் நகர்றதுக்கான கம்பி) பிஸ்டனோ மாட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அதை சரி பண்ணாம புது பேட் போட்டாலும் அதே கதி தான். நம்ம ஊர்ல கடற்கரை ஓரமா இருக்கிறவங்க வண்டில இந்த ஸ்லைடு பின் சிக்குறது சகஜம். ஸ்லைடு பின்னுக்கு சாதா கிரீஸ் தடவாதீங்க, ரப்பர் உப்பிடும், சூடு தாங்குற சிலிக்கோன் கிரீஸ் தான் போடணும், பேடோட முகத்துல துளி கூட படக்கூடாது. தூசியை வாயால ஊதாதீங்க, மாஸ்க் போட்டுக்கிட்டு பிரேக் கிளீனர் அடிச்சு துடைங்க.

பிஸ்டனை உள்ள தள்ளும்போது பிரேக் ஆயில் திரும்பி மேல டப்பாவுக்கு ஏறும், நடுவுல யாராவது டாப்-அப் பண்ணியிருந்தா வழிஞ்சிடும், அது பட்ட இடத்துல பெயின்ட் உரியும். முன்னாடியே மூடியைத் திறந்து பாத்து, ஜாஸ்தியா இருந்தா ஒரு சிரிஞ்ச்ல கொஞ்சம் உறிஞ்சி எடுத்துடுங்க.

டிஸ்க்கும் மாத்துறீங்கன்னா ஹப் முகத்துல இருக்கிற துருவை கம்பி பிரஷ்ஷால சுத்தமா தேய்ச்சு எடுக்கணும், இல்லன்னா டிஸ்க் கோணலா உக்காந்து பிரேக் பிடிக்கும்போது பெடல் உதறும். புது டிஸ்க்ல துருப்பிடிக்காம இருக்க தடவின எண்ணெயை பிரேக் கிளீனர் அடிச்சு துடைச்சுட்டு மாட்டுங்க. பழசையே வச்சுக்கிறதுன்னா அதோட விளிம்புலயோ நடுவுலயோ குறைந்தபட்ச தடிமன் அச்சடிச்சிருக்கும், அளந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்துறது கூடவே கூடாது, போல்ட்டை டார்க் ரெஞ்ச்ல (எவ்வளவு இறுக்கணும்னு அளந்து இறுக்குற ஸ்பேனர்) மேனுவல் சொல்ற அளவுக்கு டைட் பண்ணுங்க, ஒரு தடவை மட்டும் போடற போல்ட்டுன்னு சொல்லியிருந்தா புதுசு தான் வாங்கணும்.

எல்லாம் மாட்டியாச்சுன்னு சந்தோஷத்துல நேரா சர்வீஸ் மோடை விட்டு வெளிய வர்றாங்க, இதுவும் தப்பு. முதல்ல பிரேக் பெடலை மெதுவா மிதிச்சு மிதிச்சு விடுங்க, ஆரம்பத்துல தரை வரைக்கும் இறங்கும், பேட் டிஸ்க்கை நெருங்க நெருங்க கெட்டியாகும். கெட்டியான பிறகு தான் சர்வீஸ் மோடை மூடணும், அப்புறம் சுவிட்சை ரெண்டு மூணு தடவை போட்டு எடுத்து, லைட் எதுவும் எரியாம இருக்கான்னு பாருங்க. ஆயில் லெவலையும் பாத்துட்டு, தெருவுக்குள்ளயே மெதுவா ஓட்டி பிரேக் பிடிச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் ஆளில்லாத ரோட்ல 50 கிலோமீட்டர் வேகத்துல இருந்து நிதானமா பிரேக் பிடிச்சு வேகத்தைக் குறைங்க, முழுசா நிறுத்தாதீங்க, நடுவுல ஆற விட்டு இதையே பல தடவை பண்ணினா பேடும் டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு படிஞ்சிடும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, பிஸ்டன் ஓரத்துல ஈரம் தெரிஞ்சாலோ வண்டிய ஓட்டிக்கிட்டு மெக்கானிக்கைத் தேடிப் போகாதீங்க, நின்ன இடத்துக்கே அவரை வரச் சொல்லுங்க.