புல் விதையில் மருந்துச் சத்து தேடுபவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் புல் கதிர் முற்றி நிற்கும். ஆய்வுக்கென்று போகிறவர்கள் விதையை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். உதிர்ந்த விதையை வைத்துப் புல்லின் பெயரைச் சொல்வது கைதேர்ந்தவருக்கே சிரமம். வேரும் கதிருமாக ஒரு செடியைப் பிடுங்கி அழுத்தி உலர்த்துங்கள். திருச்சி ராபினாட் ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளின் காப்பகம்) போன்ற இடத்தில் பெயரை உறுதிசெய்துவிட்டு அரையுங்கள்.

வளவு முற்றத்து வெயில் வற்றலுக்குச் சரி, இதற்கு ஆகாது. நிழலிலோ, 40 டிகிரி தாண்டாத ஓவனிலோ காயவையுங்கள். ஈரத்தோடு சாக்கில் கட்டினால் பூஞ்சை ஏறும். வரகு சில சமயம் கிறுகிறுப்பு உண்டாக்குவதற்கும் பூஞ்சையின் சைக்ளோபியசோனிக் அமிலமே காரணம். கம்பில் தேன் ஒழுகல் நோய் தரும் பூஞ்சையின் கருத்த கட்டிகளிலோ ஆல்கலாய்டு என்ற வீரியமான நைட்ரஜன் சேர்மம் உண்டு. இப்படிப்பட்ட கட்டி ஒன்றிரண்டு கலந்தாலும், பூஞ்சையின் ஆல்கலாய்டைப் புல்லின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். அரைக்குமுன் கைலென்ஸில் பார்த்துப் பொறுக்கிவிடுங்கள்.

பெரிய தவறு இனிமேல்தான். பொடியை மெத்தனாலில் ஊறவைத்து, வடித்ததை மட்டும் அளந்து, மருந்துச் சத்தாகத் தேடப்படும் "பீனால் குறைவு" என்று முடித்துவிடுவது. புல் இனத் தானியங்களில் பீனால் வகையான ஃபெருலிக் அமிலத்தின் பெரும்பகுதி தவிட்டின் செல்சுவரோடு எஸ்டர் பிணைப்பில் ஒட்டிக்கிடக்கும், மெத்தனாலுக்கு அசையாது. கொழுப்பை முதலில் ஹெக்சேன் என்ற கரைப்பான் கொண்டு நீக்குங்கள். 80% மெத்தனாலில் தனித்திருக்கும் பீனாலை எடுங்கள். மிஞ்சிய சக்கையை 1 கிராமுக்கு 20 மி.லி. வீதம் 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 4 மணி நேரம் கலக்குங்கள். நைட்ரஜன் செலுத்தாமல் விட்டால் காரத்தில் பீனால் ஆக்சிஜனேறிப் பழுப்பாகிவிடும். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கொண்டுவந்து, எத்தில் அசிடேட்டில் மூன்று முறை பிரித்தெடுங்கள். பி.எச். இறங்காவிட்டால் ஃபெருலிக் அமிலம் உப்பாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

மொத்த பீனாலை நிறத்தால் அளக்கும் ஃபோலின் சோதனையின் 765 நானோமீட்டர் அளவை அப்படியே நம்பாதீர்கள். வைட்டமின் சி, புரதம், சர்க்கரைகூட நிறத்தைக் கூட்டும். தண்ணீரில் குலுக்கி நுரை வந்தால் சப்போனின் (சோப்புப் போல நுரைக்கும் தாவரச் சேர்மம்) என்பதும் அவசரம்தான், புரதமும் நுரைக்கும்.

உமியோடு அரைத்ததா, நீக்கியதா என்று குறியுங்கள். 105 டிகிரியில் ஈரப்பதம் பார்க்கத் தனி மாதிரி வையுங்கள், முடிவை உலர் எடைக்குக் கணக்கிட அது வேண்டும்.

கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் ஒரு முகடாகக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில், முகடு வெளிவரும் நேரம் ஒத்துப்போனதாலேயே ஃபெருலிக் அமிலம் என்று எழுதாதீர்கள். தூய ஃபெருலிக் அமிலத்தைக் கொஞ்சம் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். 320 நானோமீட்டரில் அதே முகடு உயர்ந்தால் ஃபெருலிக் அமிலமாக இருக்கக்கூடும். பக்கத்தில் புதிய முகடு முளைத்தால் அது வேறு பொருள்.