மாற்றி யோசிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும்

புதிதாக எதுவுமே தோன்றவில்லையா? கையில் கிடைக்கிற ஒரு பொருளை, ஒரு பேப்பர் கிளிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று விடாமல் எழுதுங்கள். உளவியலாளர் ஜே.பி. கில்ஃபோர்ட் 1967-இல் முன்வைத்த சோதனை இது. பயிற்சியாகவும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் வருவதெல்லாம் எல்லாருக்கும் தோன்றுவதுதான்: புத்தகத்தில் பக்க அடையாளம், சாவி வளையம், அறுந்த ஜிப்புக்குக் கைப்பிடி. அப்புறம் மூளை கையை விரித்துவிடும். அங்கே நிறுத்தாதீர்கள், சுவாரசியமே இனிமேல்தான். ‘கிளிப்’ என்பதை மறந்துவிட்டு அதன் குணங்களை மட்டும் பாருங்கள். மெல்லிய கம்பி, வளையும், காந்தத்தில் ஒட்டும், மின்சாரத்தைக் கடத்தும். உடனே போனில் சிம் தட்டைத் திறக்கும் ஊசி, காந்தத் தூண்டிலில் சிக்கும் காகித மீனின் மூக்கு, சின்ன பல்புக்கு ஒரு சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக வரும்.

எழுதும்போது நல்லது கெட்டது பார்க்க வேண்டாம். அபத்தமாக இருந்தாலும் எழுதுங்கள், வேண்டாததை அடித்துவிடுவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியும் ஓடவில்லையா, எழுந்து நடங்கள். 2014-இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வில், உட்கார்ந்திருக்கும்போதைவிட நடக்கும்போது படைப்பூக்கம் சராசரியாக 60 சதவீதம் கூடியிருந்தது. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஒரே ஒரு விடை மட்டும் உள்ள புதிர்களுக்குத்தான் நடை கைகொடுக்கவில்லை. அதற்கு நாற்காலியே சரி.