கால்நடை மருத்துவமனைக்கும் விலங்குகள் காப்பகத்துக்கும் செல்வோர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்கள்

சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்குக் காலை வேளையில் சென்றவர்கள், நாயும் பூனையும் முயலும் ஆடும் தத்தம் மனிதர்களோடு காத்திருப்பதைக் கண்டிருப்பார்கள். அத்தனை கூட்டத்தில் ஒரு விலங்குக்கென்று மருத்துவர் ஒதுக்க முடிகிற நேரம் சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்கள் பயன்படுவதும் வீணாவதும் பெரும்பாலும் நாம் வீட்டிலேயே செய்துகொண்டு போகும் ஆயத்தத்தைப் பொறுத்தவை என்பதை, வீட்டுப் பூனைகளையும் அடிபட்ட தெருநாய்களையும் தூக்கிக்கொண்டு பல ஆண்டுகள் அலைந்ததில் கற்றுக்கொண்டேன். காப்பகங்களுக்குச் செல்வோருக்கும் இது பொருந்தும்.

முதலில் செய்ய வேண்டியது, கவனித்தவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்வது. கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது தண்ணீர் குடித்தது, சிறுநீரும் மலமும் எப்போது போயின, மலத்தில் இரத்தமோ சளியோ இருந்ததா, எத்தனை முறை வாந்தி எடுத்தது, வாந்தியில் என்ன இருந்தது என்பவற்றை நாள், நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் அழைத்துச் சென்ற நாயைப் பரிசோதித்த மருத்துவர், அது கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அந்த ஒரு விடை இருந்திருந்தால் தேவைப்பட்டிருக்காத சோதனைகளில் அன்று அரை நாள் கழிந்தது. இருமலோ வலிப்போ நொண்டலோ விட்டுவிட்டு வருவதாக இருந்தால், அது வரும் நேரத்தில் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. ஏனென்றால், மருத்துவமனைக்குள் நுழைந்ததும் அச்சத்தில் உடல் விறைத்துவிடும் விலங்கு, வீட்டில் காட்டிய அறிகுறியை அங்கே காட்டாமல் போவது வெகு இயல்பு. தடுப்பூசி அட்டை, முன்பு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டுகள், கொடுத்து வரும் மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வயிற்றுப்போக்கு என்றால், சுத்தமான சிறு டப்பாவில் கொஞ்சம் மலத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

காய்ச்சல் பற்றிய தவறான எண்ணம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாய், பூனை ஆகியவற்றின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இருக்கும். நம் உடலின் கணக்கை வைத்து, தொட்டால் சுடுகிறதே என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பூனையைப் பொறுத்தவரை அது நஞ்சு. அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குப் போதுமான அளவு இல்லாததால், ஒரே மாத்திரைகூட உயிரைப் பறித்துவிடக்கூடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்ற பயத்தில் மறைக்கப்படும் செய்தியே பல நேரங்களில் சிகிச்சைக்கு மிகவும் தேவையான செய்தியாக இருக்கிறது.

வரிசையில் காத்திருக்கக் கூடாத நிலைகள் சில உண்டு. ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் இருப்பது, பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, நிற்காத வலிப்பு, பெரிய நாயின் வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரிப்பது, எலி மருந்து தின்றிருக்கலாம் என்ற ஐயம், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவை அத்தகையவை. இவற்றில் ஏதேனும் இருந்தால், சீட்டு போடும் இடத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள். சிறுநீர் அடைப்பைப் பலர் மலச்சிக்கல் என்று எண்ணி ஒரு நாள், இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருகிறார்கள். அதற்குள் சிறுநீரகம் கெட்டுப் பூனை இறந்தே போகலாம்.

காத்திருக்கும் இடத்தில் நாயைக் குட்டையான வாரில் உங்கள் காலோடு ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் சாதுவாக இருக்கும் நாயும் வலியில் கடிக்கும் என்பதால், வாய்ப்பூட்டு போட வீட்டிலேயே சில நாட்கள் பழக்கியிருப்பது நல்லது. பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருவதைப் போன்ற ஆபத்து வேறில்லை, ஒரு ஹாரன் சத்தத்துக்கே அது கையைக் கிழித்துக்கொண்டு சாலையில் பாய்ந்துவிடும். மேற்பக்கம் திறக்கும் கூடையில் வீட்டு மணமுள்ள பழைய துணியை விரித்து, பூனையை உள்ளே விட்டு, கூடையின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டால் அது பெரும்பாலும் அமைதியாக வரும். அந்தக் கூடையைத் தரையில் வைக்காமல் மடியிலோ நாற்காலியிலோ வையுங்கள்.

தடுப்பூசி முழுதும் முடியாத நாய்க்குட்டியை எக்காரணம் கொண்டும் மருத்துவமனைத் தரையில் விடாதீர்கள். பார்வோ எனப்படும் வைரஸ், நோயுற்ற குட்டியின் மலத்தில் வெளிப்பட்டு, தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. கையில் தடவும் சானிடைசருக்கு அது அழிவதில்லை, நீர்த்த பிளீச்சிங் கரைசலுக்கு அழியும். காப்பகத்துக்கோ மருத்துவமனைக்கோ போய்வந்த செருப்பை வாசலுக்கு வெளியே விட்டு, கால் கழுவி, உடை மாற்றிய பிறகு வீட்டுக் குட்டியைத் தொடுங்கள். வெளியே போய்வந்தால் கால் கழுவிவிட்டு உள்ளே வரும் நம் வீட்டுப் பழக்கம் இந்த நோயின் பாதையில் உண்மையிலேயே ஒரு தடை.

இனி காப்பகம். சென்னையில் 1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1960-களிலேயே முன்வைத்த அமைப்பு. 1990-களின் நடுவில் சென்னை மாநகராட்சியும் அந்த வழிக்கு வந்தது. காதில் சிறு வெட்டு உள்ள நாயைத் தெருவில் பார்த்தால், அதற்குக் கருத்தடை செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். காப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசும்போது அதைக் கவனித்துச் சொன்னால் அவர்களுக்கு வேலை எளிதாகும். இத்தகைய இடங்களுக்கு முதன்முறை செல்பவர்கள் மனம் கலங்குவது இயல்பு. மூன்று கால் நாய்களும், கண் பார்வை போன பூனைகளும், கம்பிக்குப் பின்னால் ஒரே நேரத்தில் குரைக்கும் கூட்டமும் யாரையும் உலுக்கும். ஆயினும் அந்த இரக்கத்தில் ஒவ்வொரு கூண்டாகக் கை விட்டுத் தடவிக்கொண்டே போகாதீர்கள். ஒரு கூண்டின் நோயை அடுத்த கூண்டுக்குக் கொண்டுசெல்வது அந்தக் கைதான். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் போடுவதும் வேண்டாம், ஒரு துண்டுக்காகப் பெரிய நாய்கள் சிறியவற்றைக் கடித்துக் குதறிவிடும். பயந்த நாயை நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பிக் குந்தி அமர்ந்து, அதுவாக வந்து மோந்து பார்க்கும் வரை காத்திருங்கள். கொடுக்க விரும்பினால் என்ன தேவை என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செல்லுங்கள். பழைய செய்தித்தாளும் துவைத்த பருத்திப் புடவையும் துண்டுகளும் அநேகமாக எந்தக் காப்பகத்திலும் மறுக்கப்படுவதில்லை.

அடிபட்ட தெருநாயைக் கொண்டுசெல்வது தனிக் கவனம் வேண்டும் செயல். அதைக் கையால் அள்ளித் தூக்கினால் முதுகெலும்பின் முறிவு மோசமாகலாம்; ஒரு கெட்டியான படுக்கை விரிப்பையோ சாக்கையோ பலகையையோ பக்கத்தில் வைத்து, அதன் மேல் மெல்ல நகர்த்தி, இருவராகத் தூக்குங்கள். மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையென்றால் மட்டும் ஒரு துணி நாடாவால் வாயைத் தளர்வாகக் கட்டலாம். தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, குரல் மாறி, எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும் நாயாக இருந்தால் அருகே போகவே கூடாது. மாநகராட்சிக்கோ காப்பகத்துக்கோ தகவல் சொல்லிவிட்டு, குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள். உங்களைக் கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ, மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு உயிர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அதற்கு முன் போட்டுக்கொள்ளும் தடுப்பூசியோ ஏறக்குறைய எப்போதும் காப்பாற்றிவிடுகிறது. கிராமத்தில் ஆடு மாடுகளுக்கு அவசரம் என்றால் 1962 என்ற எண்ணை அழைத்துக் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கேட்கலாம்.

தத்தெடுக்கச் செல்பவர்கள் முதல் நாளே குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒருமுறை உணவு நேரத்திலும், மற்றொருமுறை ஓய்வு நேரத்திலும் போய்ப் பார்த்தால், அதன் குணம் ஓரளவு தெரிந்துவிடும். எந்தத் தடுப்பூசி எந்த நாளில் போடப்பட்டது, குடற்புழு மருந்து கொடுக்கப்பட்டதா, கருத்தடை நடந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டில் வேறு விலங்கு இருந்தால் புதிதாக வந்ததை இரண்டு வாரங்களாவது தனி அறையில் வைத்திருங்கள். வீடு மாறும்போதும் குழந்தை பிறக்கும்போதும் வளர்த்த நாயைக் காப்பக வாசலில் கட்டிவிட்டுப் போகும் கொடுமையை நான் நேரில் கண்டிருக்கிறேன். பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை செய்யும் அந்தக் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதத்தின் உச்சவரம்பு 50 ரூபாய் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆகையால் சட்டத்தை நம்பியிராமல், வாடகை வீட்டில் இருப்பவர்கள் தத்தெடுக்கும் முன்பே வீட்டு உரிமையாளரிடம் பேசிவிடுங்கள். நீங்கள் ஊருக்குப் போகும் நாட்களில் யார் சோறு வைப்பார் என்பதையும் குடும்பத்தாரோடு முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்து கிளம்பும் முன், மருந்தை உணவுக்கு முன்னா பின்னா கொடுப்பது, எத்தனை நாட்கள் கொடுப்பது, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே திரும்ப வருவது என்ற மூன்றையும் கேட்டுச் சீட்டின் பின்புறத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். தையல் போடப்பட்டிருந்தால், அதைப் பிரிக்க வேண்டிய நாளை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். பொதுவாக அது 10 முதல் 14 நாட்களுக்குள் வரும். அதுவரை நாய் தையலை நக்காதபடி கழுத்தைச் சுற்றிப் போட்டுவிட்ட புனல் போன்ற வளையத்தை, பார்க்கப் பாவமாக இருக்கிறதே என்று இரவில் கழற்றிவிடாதீர்கள்.