முதுநிலை, ஆய்வு மாணவர்கள் சீக்கிரமே தட்ட வேண்டிய கதவுகள்

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு ஒரு தடித்த கையேடு கொடுத்தார்கள். நூலகர், எழுத்து மையம், புள்ளியியல் ஆலோசனை, மனநலப் பிரிவு என்று எல்லாமே அதில் இருந்தன. புரட்டிப் பார்த்துவிட்டு இழுப்பறையில் போட்டேன். மறுபடி எடுத்தது இரண்டாம் ஆண்டு முடியும்போதுதான். அதற்குள் சில மாத உழைப்பு வீணாகியிருந்தது. எந்தக் கதவை எப்போது, கையில் எதை வைத்துக்கொண்டு தட்ட வேண்டும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நூலகர். பல பல்கலைக்கழகங்களில் துறைவாரியாக ஒரு நூலகர் இருப்பார். மின்னஞ்சல் அனுப்பி அரை மணி நேரம் கேளுங்கள். நான் போனபோது, ஆய்வுக் கேள்வியை ஒரு வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னார். பதின்பருவத்தினரின் தூக்கம் நினைவாற்றலை எப்படிப் பாதிக்கிறது என்பது என் கேள்வி. பதின்பருவம், தூக்கம், நினைவாற்றல் என்று மூன்று சொற்களுக்கு அடிக்கோடு போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அதே பொருள் தரும் வேறு சொற்களை எழுத வைத்தார். அப்போதுதான் தெரிந்தது, நான் மாதக்கணக்கில் ‘டீனேஜர்’ என்று மட்டும் தேடியிருக்கிறேன். என் துறைக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ‘அடோலசென்ட்’ என்றே எழுதியிருந்தன. தேடல் பெட்டியில் இடும்போது, ஒரே வரிசையில் உள்ள சொற்களுக்கு நடுவே ‘ஆர்’ (OR), வரிசைகளுக்கு நடுவே ‘ஆண்ட்’ (AND), சேர்ந்தே வர வேண்டிய சொற்களுக்கு இரட்டை மேற்கோள் குறி. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால், அது யாரை மேற்கோள் காட்டுகிறது என்பதோடு நிற்காதீர்கள். அதற்குப் பிறகு யார் அதை மேற்கோள் காட்டினார்கள் என்றும் பாருங்கள். கூகுள் ஸ்காலரில் ஒரே சொடுக்கில் தெரியும். கட்டுரைக்குப் பணம் கேட்டால் கட்ட வேண்டாம். அன்பேவால் (Unpaywall) என்ற இலவச உலாவி நீட்சி, சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி இருந்தால் காட்டிவிடும். இல்லையென்றால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டுரையாசிரியருக்கே எழுதிக் கேட்டாலும் பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

சோட்டேரோ (Zotero), படித்த கட்டுரைகளின் விவரங்களைச் சேமித்து மேற்கோள் பட்டியல் போட்டுத் தரும், 2006-லிருந்து இருக்கும் இலவச மென்பொருள். படிக்கும் முதல் கட்டுரையிலிருந்தே அதில் சேமியுங்கள். முந்நூறு கட்டுரைகளுக்குப் பிறகு உட்கார்ந்து பட்டியல் போடுவது பெரும் பாடு. அப்புறம், ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஓர்கிட் (ORCID) எண்ணும் வாங்கிவிடுங்கள். 16 இலக்கம், இலவசம். பெயரையோ முதலெழுத்தையோ எப்படி மாற்றி அச்சிட்டாலும் கட்டுரை உங்களுடையது என்று அது காட்டும்.

புள்ளியியல் ஆலோசகரைத் தரவு திரட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சோதனை முடிந்தபிறகு புள்ளியியலாளரிடம் போவது பிரேதப் பரிசோதனை கேட்பது போல, சோதனை எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்ற பொருளில் புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் 1938-லேயே பேசியிருக்கிறார். எனக்கு அதுதான் நடந்தது. ஒரே மாணவர்களிடம் மூன்று முறை வினாத்தாள் கொடுத்து வாங்கினேன்; எந்தத் தாள் யாருடையது என்று இணைக்க ஓர் எண் போடவில்லை. ஆலோசகர் தாள்களைப் புரட்டிவிட்டு, “முதல் தாளும் மூன்றாம் தாளும் ஒரே ஆளுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?” என்று மெதுவாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான்கு மாதம் போயிற்று. நீங்கள் போகும்போது ஆய்வுக் கேள்வி, எதை எப்படி அளக்கப் போகிறீர்கள், எத்தனை பேர் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். அது போதும்.

ஆய்வெழுத்துக்கு வழிகாட்டும் எழுத்து மையத்தில் பெரும்பாலும் பிழை திருத்தித் தர மாட்டார்கள். முழு ஆய்வேட்டையும் தூக்கிக்கொண்டு போகாமல், ஐந்து பக்கமும் ஒரே ஒரு கேள்வியும் எடுத்துச் செல்லுங்கள்: “என் வாதம் எந்த இடத்தில் விட்டுப்போகிறது?”

நெறியாளரைச் சந்தித்துவிட்டு வந்த அன்றே, பேசியதை ஐந்து வரியில் அவருக்கு மின்னஞ்சலாக அனுப்புங்கள். என்ன முடிவானது, யார் எதை எப்போது செய்வது, அவ்வளவுதான். நான் கேட்டறிந்த மனக்கசப்புகளில் பாதி, “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்பதில்தான் தொடங்கியது. கசப்பு முற்றிவிட்டால் துறையின் முதுநிலை ஒருங்கிணைப்பாளரிடம் போகலாம். சில இடங்களில் குறைகேட்பு அலுவலர் தனியாக இருப்பார். அப்போதும் அந்த மின்னஞ்சல்கள் கைகொடுக்கும்.

மனநலம் பற்றித் தயங்காமல் பேச வேண்டும். நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் 2018-ல் வந்த ஓர் ஆய்வில் 26 நாடுகளிலிருந்து 2,279 பேர் பதிலளித்தார்கள், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள். பொது மக்களைவிட ஆறு மடங்குக்கு மேல் மனச்சோர்வும் பதற்றமும் தெரிந்தன. விரும்பியவர்கள் மட்டும் பதில் சொன்ன கணக்கெடுப்பு என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பது நீங்கள் மட்டுமல்ல என்பது உறுதி. மனநல ஆலோசகரிடம் முதல் சந்திப்பிலேயே இரண்டு கேளுங்கள்: நான் சொல்வதை யாரிடம், எந்தச் சூழலில் சொல்வீர்கள்? எத்தனை முறை வரலாம்? பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. ஆகவே முற்றும்வரை பொறுக்காமல் பெயரைக் கொடுத்துவிடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் பட்டியலுக்காகக் காத்திருக்கவே கூடாது. அந்த நிமிடமே அவசர உதவி எண்ணையோ பக்கத்தில் இருப்பவரையோ கூப்பிடுங்கள்.

ஓய்வு தேவைப்பட்டால் விடுப்பு எடுக்கலாம். அது தோல்வி இல்லை. என் ஆய்வகத் தோழி ஒரு பருவம் விடுப்பில் போய் வந்துதான் ஆய்வேட்டை முடித்தாள். விண்ணப்பிக்கும் முன் உதவித்தொகை நிற்குமா, விடுதி அறை இருக்குமா, வெளிநாட்டு மாணவர் என்றால் விசா என்னவாகும், ஆய்வுக் காலக்கெடு தள்ளிப்போகுமா என்று விசாரியுங்கள். கிடைத்த பதில்களையும் திரும்பிச் சேர வேண்டிய தேதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.