வாய்ப் புற்று அறுவை சிகிச்சையில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவுக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்கள், அந்த வயதில் நாங்கள் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். தையல் நழுவுவது, குழாய் அடைப்பது பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. நோய் திரும்பி வர வழிவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கழுத்தைத் தொடாமல் விடுவது

நாக்கின் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் புண். கழுத்தைத் தடவிப் பார்த்தால் நெறி கட்டவில்லை. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. "புண்ணை மட்டும் எடுத்துவிடலாம் சார், கழுத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். இதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நிணநீர் முடிச்சுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் உட்கார்ந்திருக்கும் நோய் கைக்கும் தட்டுப்படாது, ஸ்கேனிலும் தெரியாது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை இதை ஆராய்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டது. ஆரம்பக்கட்ட வாய்ப் புற்று, கழுத்தில் எதுவும் தெரியாத நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு முதல் அறுவையிலேயே கழுத்து முடிச்சுகளையும் எடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு, கட்டி தெரிந்த பிறகு எடுத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் முதல் பிரிவில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், இரண்டாவதில் 67.5 சதவீதம். நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 69.5 சதவீதம், 45.9 சதவீதம். புண்ணின் ஆழம் 3 மில்லிமீட்டரைத் தாண்டியவர்களுக்குத்தான் இந்த ஆதாயம் தெளிவாகத் தெரிந்தது. அதனால் புண்ணின் அகலத்தை மட்டும் அளந்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது. விரலால் அழுத்தி, எம்.ஆர்.ஐ. பார்த்து, ஆழத்தைக் கணிக்க வேண்டும்.

எங்களிடம் வந்த ஒரு விசைத்தறித் தொழிலாளிக்கு வேறோர் இடத்தில் நாக்கில் மட்டும் அறுவை செய்திருந்தார்கள். மாதாமாதம் வரச் சொன்னார்களாம். புண் ஆறிவிட்டது, சாப்பிட முடிந்தது, கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? தாடைக்குக் கீழே வீங்கியபோது சளியால் நெறி கட்டியிருக்கிறது என்று பற்றுப் போட்டிருக்கிறார். எங்களிடம் வரும்போது கட்டி முடிச்சின் உறையை உடைத்துக்கொண்டு மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியைச் சுற்றிப் பிடித்திருந்தது. கத்தி வைக்க இடமில்லை. அவர் நாக்கில் கடைசிவரை நோய் திரும்பவே இல்லை.

"வாயிலதானே புண்ணு, கழுத்தை ஏன் அறுக்கணும் டாக்டர்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள். பதில் சொல்லத் தயங்கித்தான் பல இளம் மருத்துவர்கள் ஒத்துக்கொண்டுவிடுகிறார்கள். உட்கார்ந்து படம் வரைந்து காட்டுங்கள். இதே மயக்க மருந்தில், இதே நாளில் முடிந்துவிடும், தோளில் கொஞ்ச நாள் வலுக் குறையலாம், பயிற்சி தருவோம் என்று சொல்லுங்கள். விட்டுவிட்டால் பிறகு என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சின்னப் புண் என்று முழுசாக வெட்டி எடுப்பது

பயாப்ஸிக்கு ஓரத்திலிருந்து ஒரு துண்டு போதும். முழுப் புண்ணையும் எடுத்துத் தைத்துவிட்டு, ரிப்போர்ட்டில் புற்று என்று வந்தபின் எங்களிடம் அனுப்பினால், நோய் எதுவரை இருந்தது என்பதே எங்களுக்குத் தெரியாது. பரிசோதனைக் கூடத்தில் அளக்கும்போது புற்றைச் சுற்றி 5 மில்லிமீட்டர் நல்ல சதை இருக்க வேண்டும். எடுத்த சதை சுருங்கும் என்பதால் நாங்கள் ஒரு சென்டிமீட்டர் தள்ளித்தான் வெட்டுகிறோம். தையல் தழும்பை வைத்துக்கொண்டு எங்கிருந்து அளப்பது?

ஈறுப் புண்ணுக்குப் பக்கத்தில் ஆடும் பல்லைப் பிடுங்குவது

முதலில் எக்ஸ்ரே, பயாப்ஸி. பிடுங்கிய குழி வழியாகப் புற்று எலும்புக்குள் இறங்கும்.

தாடையை எப்படியாவது காப்பாற்றப் பார்ப்பது

தாடை எலும்பின் மஜ்ஜைக்குள் நோய் போய்விட்டால் மேல்விளிம்பை மட்டும் சீவி எடுப்பது பயன்படாது. அந்தப் பகுதி எலும்பை முழுதாக எடுத்தே ஆக வேண்டும். காலின் ஃபிபுலா எலும்பை இரத்தக் குழாயோடு எடுத்து வைத்துத் தாடையைத் திரும்பக் கட்ட முடிகிறது. முகம் கோணிவிடும் என்ற பயத்தில் நோயை உள்ளே விட்டு வராதீர்கள்.

கரண்ட் வைப்பதைத் தள்ளிப்போடுவது

தேவைப்படுகிறவர்களுக்கு, அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்க வேண்டும். ரிப்போர்ட் வரும்வரை காத்திராமல், அறுவைக்கு முன்பே கதிர்வீச்சு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காப்பாற்ற முடியாத பற்களை மயக்கத்தில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

புகையிலையைப் பற்றி ஒரு தடவை மட்டும் கேட்பது

ஒவ்வொரு முறையும் கேளுங்கள், பாக்கையும் சேர்த்து.

தையல் பிரித்ததோடு அனுப்பிவிடுவது

பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் நோய் திரும்புகிறது. வரவில்லை என்றால் நீங்களே போன் செய்யுங்கள். வந்தால் வாயைத் திறந்து பார்த்ததோடு விடாமல், இரண்டு பக்கக் கழுத்தையும் தடவிப் பாருங்கள்.