டார்வினில் பிற்பகல் மூன்றரை: ஃபிளைட் சிமுலேட்டரில் ஓர் இடிமேகத்தைக் கட்டி எழுப்புவது எப்படி

கணினியில் விமானம் ஓட்டும் ஃபிளைட் சிமுலேட்டரில் 'ஸ்டார்ம்' பிரீசெட்டை (தயாராக வரும் வானிலை அமைப்பை) தட்டினால் வானம் முழுக்கச் சாம்பல் பூசிக்கொள்ளும், மழை கொட்டும், நடுநடுவே மின்னும். ஆனால் இடிமேகம் என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இருக்காது. நிஜத்தில் கோடைப் பிற்பகலில் எழும் இடிமேகம் தனி ஆள். சுற்றிலும் வெயில் காய, ஒற்றைத் தூணாகப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும். அந்தத் தூணை மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-இன் கஸ்டம் வெதர் பேனலிலேயே கட்டலாம். கூடுதல் மென்பொருள் எதுவும் தேவையில்லை.

மாதிரிக்கு ஹெக்டர் என்ற இடிமேகத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் பாதர்ஸ்ட், மெல்வில் என்ற இரண்டு திவி தீவுகள் இருக்கின்றன. செப்டம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலான பிற்பகல்களில் நாலாபக்கமிருந்தும் வரும் கடற்காற்று இந்தத் தீவுகளின் மேல் ஒன்றோடொன்று மோதி, போக வேறு வழியின்றி மேலே எழும். மூன்று மணி வாக்கில் மேகம் தயார். தினமும் ஒரே இடத்தில் வந்து நிற்பதால் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானிகள் இதைத் திசைக்குறியாகவே வைத்துக்கொண்டு 'ஹெக்டர்' என்று பெயரிட்டார்கள். அதன் உச்சி 20 கிலோமீட்டரைத் தொடும் நாட்களும் உண்டு.

படி 1: இடம், நேரம், கிராஃபிக்ஸ்

வேர்ல்டு மேப்பில் டார்வின் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். விமானம் செஸ்னா 172, தேதி நவம்பர் கடைசி வாரம், உள்ளூர் நேரம் 15:30. உச்சிவெயிலில் மேகம் தட்டையாகத் தெரியும். மூன்றரைக்கு மேல் வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து விழுவதால், டார்வினிலிருந்து வடக்கே பார்க்கும்போது தூணின் இடப்பக்கம் வெளுத்தும் வலப்பக்கம் நீலம் பாய்ந்தும் நிற்கும். மேகத்துக்குக் கனம் தருவது இந்த நிழல்தான். சூரியன் ஏழு மணி சுமாருக்குத்தான் மறையும் என்பதால் அவசரமில்லை.

கிராஃபிக்ஸ் அமைப்பில் 'வால்யூமெட்ரிக் க்ளவுட்ஸ்' குறைந்தது 'ஹை'யில் இருக்கட்டும். கணினி திணறினால் நிலப்பரப்பின் விவரத்தைக் குறையுங்கள், மேகத்தில் கை வைக்காதீர்கள். 'லோ'வில் விளிம்பெல்லாம் மணல் மணலாகத் தெரியும்.

படி 2: மேகத்தின் அடிப்பாகம் எந்த உயரத்தில்?

இதைக் கண்ணளவில் வைக்க வேண்டாம், கணக்கு எளிது. தரை வெப்பநிலையிலிருந்து பனிநிலையை (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையை) கழித்து, வித்தியாசத்தை 400-ஆல் பெருக்கினால் மேகம் தொடங்கும் உயரம் தோராயமாக அடியில் கிடைக்கும். வெப்பநிலை 32 டிகிரி, பனிநிலை 25 என்று வைத்தால் 7 × 400 = 2,800 அடி. ஈரப்பதம் மிகுந்த கடலோரத்தில் மேகம் தாழ்வாகத் தொடங்குவதும், வறண்ட உள்நாட்டில் எட்டாயிரம் அடிக்கு மேல் தொடங்குவதும் இதனால்தான். வேறு ஊரில் கட்டும்போதும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: தூண்

ஃபிளைட் கண்டிஷன்ஸில் வெதரைத் திறந்து கஸ்டமுக்குப் போங்கள். மூன்று மேக அடுக்குகள் இருக்கும். புதியவர்கள் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: கீழே ஒன்று, நடுவே ஒன்று, மேலே ஒன்று என்று மூன்றையும் அடுக்கித் தூண் எழுப்பப் பார்ப்பார்கள். ஒவ்வோர் அடுக்கும் தனக்கென்று ஒரு வடிவம் போட்டுக்கொள்வதால் கீழ் அடுக்கின் மேகத்துக்கு நேர் மேலே மேல் அடுக்கின் மேகம் அமையாது. இட்லித் தட்டுகளைக் கோணலாக அடுக்கியதுபோல் இருக்கும். தூண் என்பது ஒரே அடுக்கு. முதல் அடுக்கின் கீழ்ப்பிடியை 2,800 அடியிலும் மேல்பிடியை 46,000 அடியிலும் வையுங்கள். மற்ற இரண்டில் இப்போதைக்குக் கவரேஜை (வானத்தை மேகம் மூடும் அளவை) பூஜ்யமாக்கிவிடுங்கள்.

இனி மூன்று ஸ்லைடர்கள். கவரேஜ் 25 முதல் 30 சதவீதம். டென்சிட்டி, அதாவது மேகத்தின் அடர்த்தி, முக்கால்வாசி நீளத்துக்கு மேல். ஸ்கேட்டர், அதாவது மேகம் சிதறும் அளவு, பாதியில் தொடங்கட்டும். இவை தொடக்க எண்கள்தான். முடிவான எண்ணை ஜன்னல் வழியே பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

படி 4: பட்டடை

மேலேறும் காற்று வளிமண்டலத்தின் கீழடுக்கு முடியும் எல்லையில், வெப்பமண்டலத்தில் சுமார் 16, 17 கிலோமீட்டரில், தடைபட்டுப் பக்கவாட்டில் பரவும். கொல்லன் பட்டடை போன்ற அந்த உச்சிதான் இடிமேகத்தின் முத்திரை. இரண்டாம் அடுக்கை 47,000 முதல் 50,000 அடி வரை மெல்லியதாக வையுங்கள். கவரேஜ் 40 சதவீதம், டென்சிட்டி கால்வாசி, ஸ்கேட்டர் குறைவு. இது தூணோடு ஒட்டாது என்று முன்பே சொன்னோமே, ஆனால் பட்டடை நிஜத்திலும் தூணைவிட்டு வெகுதூரம் பரவுவதால் கீழிருந்து பார்க்கையில் குறை தெரியாது. மூன்றாவது அடுக்கைச் சும்மா விடுங்கள். காலியான வானமும் இந்தக் காட்சியில் ஒரு பகுதி.

படி 5: மழை, மின்னல், காற்று

மழையை மணிக்கு 8 மில்லிமீட்டரில் தொடங்குங்கள். மின்னலைக் கால்வாசிக்கு மேல் தள்ளவேண்டாம். தாண்டினால் கல்யாண மண்டபத்துச் சீரியல் விளக்குபோல் ஆகிவிடும். வெப்பநிலை 32 டிகிரியா என்று பாருங்கள். பழைய பிரீசெட்டிலிருந்து குளிர் எண் ஒட்டிக்கொண்டு வந்தால் டார்வினில் பனி கொட்டும். காற்றழுத்தம் 1008 ஹெக்டோபாஸ்கல்.

காற்றுக்கு மூன்று அடுக்கு போதும்: தரையில் வடமேற்கிலிருந்து 8 நாட் கடற்காற்று, வீச்சு 20 நாட் வரை; 10,000 அடியில் 10 நாட்; 40,000 அடியில் கிழக்கிலிருந்து 25 நாட்.

படி 6: பார்த்துத் திருத்துவது

பறக்கத் தொடங்கி 3,000 அடியில் ஆக்டிவ் பாஸ் போட்டு (விமானம் அந்தரத்தில் நிற்கும்), மேலே உள்ள டூல்பாரிலிருந்து வெதர் பேனலைத் திறந்து வையுங்கள். ஸ்லைடரை நகர்த்த நகர்த்த வானம் மாறும். ஒரு நேரத்தில் ஒரே ஸ்லைடர். நகர்த்தியபின் அரை நிமிடம் பொறுங்கள்.

தூண்கள் ஒட்டிச் சுவராக நிற்கிறதா? கவரேஜை ஐந்தைந்து சதவீதமாக இறக்குங்கள். பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் சிதறியிருக்கிறதா? ஸ்கேட்டரைக் குறையுங்கள். மழமழவென்று ஒரே வெள்ளைப் பாறையாக இருந்தால் ஸ்கேட்டரைக் கூட்டுங்கள். நிஜ இடிமேகத்தின் ஓரத்தில் காலிஃபிளவர் பூப்போல மொட்டு மொட்டாக முடிச்சுகள் இருக்கும், அதுதான் இலக்கு. தூணுக்குப் பின்னால் இருக்கும் நீலம் ஊடாகத் தெரிந்தால் டென்சிட்டி போதவில்லை. அடிப்பாகம் வெளுத்துக் கிடந்தாலும் காரணம் அதுவே: 43,000 அடி தடிமனுள்ள மேகத்தின் அடி கருங்கல் நிறத்தில்தான் இருக்க வேண்டும்.

ஒரு வரம்பும் உண்டு. கஸ்டம் வெதர் எங்கும் ஒரே அளவில் விழும். மேகத்தைத் தீவின் மேல் குறிபார்த்து நிறுத்த முடியாது. தீவுப் பக்கம் தூண் அமையாவிட்டால் அருகில் நன்றாக எழுந்த ஒன்றை ஹெக்டராக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: வயது

இடிமேகம் பிறந்து வளர்ந்து கரைய ஒரு மணி நேரம் போதும். கஸ்டம் வெதரில் அது தானாக வயதாகாது, நாம்தான் நகர்த்த வேண்டும். எனவே மூன்று பிரீசெட்டுகளாகச் சேமியுங்கள். வளரும் பருவத்துக்கு உச்சி 18,000 அடி. மழையும் மின்னலும் பட்டடையும் வேண்டாம். முழு வளர்ச்சி, மேலே கட்டியது. தேயும் பருவத்தில் தூணின் டென்சிட்டியும் கவரேஜும் பாதி, பட்டடையின் கவரேஜ் 70 சதவீதம், மழை மணிக்கு 2 மில்லிமீட்டர், மின்னல் பூஜ்யம். ஒரு பிரீசெட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் மேகம் கண்ணெதிரே குதிக்கும். உச்சியை ஐயாயிரம் அடி ஐயாயிரம் அடியாகக் கையால் ஏற்றினால் வளர்வதுபோலவே இருக்கும்.

பறக்கும்போது

பெரிய இடிமேகத்துக்கு விமானிகள் விடும் இடைவெளி 20 கடல் மைல். மேல்காற்று கிழக்கிலிருந்து வருவதால் பட்டடை மேற்கே நீளும். அதன் கீழே ஆலங்கட்டி விழ வாய்ப்புண்டு. கிழக்குப் பக்கமாகச் சுற்றுங்கள். செஸ்னா 172-இன் உச்சவரம்பு 14,000 அடி, எனவே தூணின் மூன்றில் ஒரு பங்குகூட ஏற முடியாது. பட்டடையை நெருங்கிப் பார்க்க 45,000 அடி ஏறும் சிஜே4 என்ற சிறிய ஜெட் விமானத்தை எடுங்கள். அப்போதும் அது தலைக்கு மேலேதான் இருக்கும்.

அழுத்தத்தை 1008 என்று வைத்ததை மறக்கவேண்டாம். ஆல்டிமீட்டர் (உயரமானி) 1013-இல் நின்றால் நிஜ உயரத்தைவிடச் சுமார் 150 அடி கூட்டிக் காட்டும். மழைக்குள் டார்வினில் இறங்கும்போது அந்த 150 அடி மிகப் பெரியது. இறங்கத் தொடங்கும் முன் கீபோர்டில் 'பி' விசையை ஒருமுறை தட்டி ஆல்டிமீட்டரைச் சரிசெய்துவிடுங்கள்.